ஊரப்பாக்கம் என்றொரு ரஷ்ய நடனக்காரி

போன மாதம் பழைய ஆபீஸிலிருந்து நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலிக்கு வந்த பெண். "அக்கா, இங்க புது சாஃப்ட்வேர் வந்திருக்கு. படத்தைப் போட்டா இது யாருன்னு அதுவே சொல்லிடுது. நீங்கல்லாம் இது இல்லாம எப்படிக்கா பண்ணீங்க?" என்றாள்.

"காதைப் பார்த்துப் பண்ணினோம்" என்றேன்.

நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தாள். விளக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவளுடைய டீ நேரம் முடிந்துவிட்டது. மிச்சத்தை எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரேயடியாகச் சந்தோஷமாக இருக்கிறது, அதனால் கொஞ்சம் நீண்டுவிட்டது.

எனக்கு என்ன வேலை என்று சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். "நூறு வருஷத்துக்கு முன்னாடி ரஷ்யாவுல பாலே ஆடின பொம்பளைங்க படம் போட்ட போஸ்ட் கார்டு இருக்கு. அதைப் பார்த்து, இது யாருன்னு கண்டுபிடிக்கணும்" என்பேன். கேட்டவர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார். அப்புறம் மெதுவாக, "கவர்ன்மெண்டா, பிரைவேட்டா?" என்பார்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்தில் அங்கே நுனிக்காலில் ஆடும் பெண்களைப் படம் எடுத்து, அதைத் தபால் அட்டையாக அச்சடித்து, கடை கடையாக விற்றிருக்கிறார்கள். இங்கே திருவிழாக் கடைகளில் சினிமா நட்சத்திரங்களின் படம் விற்ற மாதிரி. ஜனங்கள் வாங்கி ஆல்பத்தில் ஒட்டி வைத்தார்கள். பிறகு யுத்தம், புரட்சி என்று எல்லாரும் திசைக்கொருவராகச் சிதற, ஆல்பங்களும் சிதறின. இன்றைக்கும் அவற்றைத் தேடித்தேடி வாங்குகிறவர்கள் உண்டு. வெளிநாட்டு வியாபாரி ஒருவரிடம் அப்படிப்பட்ட அட்டைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. நிறைய அட்டைகளில் பெயர் கிடையாது. இருக்கிற பெயரும் பல சமயம் தப்பு. அவர் ஸ்கேன் செய்து அனுப்புவார், நாங்கள் ஆளைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில், கட்டில் பீரோ விற்கும் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்துகொண்டு, பார்த்தே இராத ஊரின் பார்த்தே இராத பெண்களை நாங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அதற்கு முன் நான் பல்லாவரத்தில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் டச்சிங் வேலை பார்த்தேன். கல்யாணப் படங்களில் பருவை எடுப்பது, நெற்றிச் சுருக்கத்தை அழிப்பது, கறுப்பைக் கொஞ்சம் சிவப்பாக்குவது. கம்ப்யூட்டர் வந்து ஸ்டுடியோவை மூடிய பிறகுதான் இந்த மாடிக்கு வந்தேன். வந்த முதல் மாதம் ஸ்கேன் படங்களுக்கு எண் போட்டேன், அடுத்த சில மாதம் டைப் அடித்தேன். அதற்கப்புறம்தான் பத்மநாபன் சார் என்னைத் தன் பக்கத்து மேஜைக்கு மாற்றினார்.

சார்தான் எங்களுக்குத் தலைமை. ஒல்லியான மனிதர். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு. மேஜையில் வெந்நீர் பிளாஸ்க், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி வாங்கிய ஒரு பூதக்கண்ணாடி. குரலை உயர்த்தி ஒருநாளும் பேசமாட்டார். தப்பு என்று சொல்லவும் மாட்டார். நாங்கள் கண்டுபிடித்ததாக எழுதிக் கொடுத்ததைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கும்மா. அவசரமில்ல, இன்னொருவாட்டி பாருங்க" என்பார். அவர் வாயிலிருந்து "அவசரமில்ல" என்று வந்துவிட்டால் நாம் கோட்டை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். அதைவிட நாலு வார்த்தை திட்டிவிடலாம்.

அவருடைய முறை ரொம்ப எளிது. முகத்தைக் கடைசியில் பார்க்க வேண்டும்.

பழைய கல்யாணப் பத்திரிகைகள் அவரிடம் ஒரு கட்டு இருக்கும். தடித்த அட்டையாகப் பார்த்து எடுத்து, நடுவில் சின்ன ஜன்னல் வெட்டி, கம்ப்யூட்டர் திரையில் ஒட்டிவிடுவார். ஜன்னல் வழியாகக் காது மட்டும் தெரியும். ரஷ்ய நடனக்காரியின் காதைச் சுற்றித் "தங்கள் நல்வரவை நாடும்" என்று பொன்னெழுத்தில் இருக்கும். காது முடிந்ததும் ஜன்னலைக் கைக்கு நகர்த்துவார். விரல் நீளம், நகம், மணிக்கட்டு. அப்புறம் பாதம். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் பத்திரிகையைப் பிய்த்து முகத்தைக் காட்டுவார்.

"முகம் ஸ்டுடியோக்காரன் பண்ணினது. காது கடவுள் பண்ணினது" என்பார்.

எனக்கு இதைப் புரியவைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. நானே எத்தனையோ மணப்பெண்களுக்கு மூக்கைக் கூராக்கிக் கொடுத்தவள். காதைத் திருத்தித் தா என்று எந்த மாமியாரும் என்னிடம் கேட்டதில்லை. ரஷ்யாவிலும் அதே கதைதான். இடுப்பைச் சுருக்கியிருப்பார்கள், கன்னத்தை வழவழப்பாக்கியிருப்பார்கள், காதை மட்டும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். உடையையும் நம்பக் கூடாது. ஒரே அன்னப்பறவை உடையை நாலு பேர் மாற்றி மாற்றிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

பெயர் தெரியாத பெண்களை எண் போட்டுக் கூப்பிடக் கூடாது என்பது சாரின் இன்னொரு சட்டம். "மனுஷிம்மா, ரேஷன் கார்டு இல்ல" என்பார். அதனால் தற்காலிகமாக ஒரு பெயர் வைப்போம். மின்சார ரயிலில் வந்துபோகிறவர்கள் என்பதால் எங்களுக்குத் தோன்றியது ஸ்டேஷன் பெயர்கள்தான். குரோம்பேட்டை என்று ஒருத்தி, கொஞ்சம் தாடை அகலம். பெருங்களத்தூர் எப்போதும் முறைத்துக்கொண்டே நிற்பாள். வண்டலூருக்குக் கழுத்து நீளம், அங்கே மிருகக்காட்சிசாலையில் இருக்கும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி, அதனால் அந்தப் பெயர் பொருத்தமாக அமைந்துவிட்டது. உண்மைப் பெயர் கிடைத்ததும் ஸ்டேஷனை எடுத்து அடுத்தவளுக்குக் கொடுப்போம். "சார், குரோம்பேட்டை காலியாயிடுச்சு" என்று யாராவது சொன்னால், ஒரு நடனக்காரி அடையாளம் தெரிந்துவிட்டாள் என்று பொருள். கீழே கட்டில் வாங்க வந்தவர்கள் இதைக் கேட்டு வீடு வாடகைக்கு இருக்கிறதா என்று விசாரித்ததுண்டு.

ஊரப்பாக்கம் மட்டும் வெகுகாலம் காலியாகவே இல்லை.

அவள் மேடை உடையில் இல்லை. சாதாரண வெள்ளை ரவிக்கை, நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பாள், கைகள் மடியில். நம் பக்கம் தெரிவது வலது காது. அந்தக் காதின் மடல் அறுந்து, இரண்டாகப் பிரிந்திருக்கும். கனமான தோடு போட்டு அறுந்த காதுகளை நம் வீடுகளில் பார்த்திருக்கிறோமே, அப்படி. மடியில் கிடந்த வலது கையில் ஒரு மெல்லிய மோதிரம். அட்டையில் பாலே கலைஞர் என்ற வார்த்தை மட்டும்தான், பெயர் இல்லை. பெரிய நட்சத்திரமாக இருந்திருந்தால் வேறு படங்கள் கிடைத்திருக்கும். கூட்டத்தில் ஆடுகிற பெண் போலிருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

அப்போதுதான் நிக்கோலாய் என்பவர் வந்தார். வந்தார் என்றால், வியாபாரி மூலம் கேட்டனுப்பினார். எண்பதைத் தாண்டியவர், ரஷ்யாவிலிருந்து ஓடிவந்து வேறு நாட்டில் குடியேறிய குடும்பம். அவருடைய அம்மா வாழ்நாள் முழுக்க ஒரு சந்தையில் காய்கறி விற்றவர். உருளைக்கிழங்கு தோலை உரித்துக்கொண்டே, "நான் ஒரு காலத்தில் தபால் அட்டையில் இருந்தவள், தெரியுமா?" என்று மகனிடம் சொல்வாராம். கல்யாணமாகி வெகுநாள் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அவர் அதைப் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்ல, கிழங்குக்காரி மகன் கதை விடுகிறான் என்று எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஒன்பது வயதுப் பையன் வீட்டுக்கு வந்து, நீ பொய்க்காரி என்று அம்மாவிடம் கத்திவிட்டான். அதற்குப் பிறகு அந்த அம்மாள் சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

அம்மா சொன்னது நிஜமா, இல்லையா. அதைத் தெரிந்துகொண்டுதான் கண்ணை மூட வேண்டும் என்றார் அவர்.

அம்மாவின் படம் என்று அவரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. வயதான பெண்மணி, சந்தைக் கடை முன்னால், பக்கவாட்டில் நிற்கிறார். கை இரண்டும் கூடைக்குள். வலது காது மடல் அறுந்திருக்கிறது. ஒத்திகையில் தன்னோடு ஆடியவரின் சட்டைப் பொத்தானில் தோடு மாட்டி இழுத்துவிட்டது என்று அம்மா சொன்னதாக அவருக்கு ஞாபகம்.

படத்தைத் திறந்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். "சார், ஊரப்பாக்கம்" என்றேன்.

சார் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றினார். "நல்லா இருக்கும்மா" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், நான் மறுபடி உட்கார்ந்துவிட்டேன்.

சார் பயந்தது இடம் வலத்துக்கு. அந்தக் கால அட்டைகளில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிடுவது சகஜம். எங்கள் ஸ்டுடியோவிலேயே அப்படி நடந்து, மாப்பிள்ளை இடது கையால் பெண்ணுக்குக் குங்குமம் வைப்பது போல ஒரு ஆல்பம் போய், பெண் வீட்டார் சண்டைக்கே வந்துவிட்டார்கள். கிழவியின் படத்தில் சந்தேகமில்லை, பின்னால் கடைப் பலகையின் எழுத்து நேராக இருந்தது. ஊரப்பாக்கத்தின் படம் நேரானதா, திரும்பியதா?

இந்தக் கேள்வி ஸ்டெல்லா அக்காவிடம் போனது. ஸ்டெல்லா அக்கா பல்லாவரம். எங்களில் மூத்தவள், வாயும் மூத்தது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகத் தவறாதவள், ஊரில் நடக்கிற பாதிக் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவள். மோதிர விஷயத்தில் எங்களுக்கு அவள்தான் சுப்ரீம் கோர்ட். நாங்கள் மெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள், மோதிரத்தைப் பற்றி எங்களுக்கு என்ன தெரியும்.

அவள் பூதக்கண்ணாடியை வாங்கி மோதிரத்தைப் பார்த்தாள். "கல்யாண மோதிரந்தான் சார். ஆனா சோத்துக் கையில கீது பாருங்க. எங்க ஜனங்க லெஃப்ட் கையிலதான் போடுவோம்" என்று தன் இடது கையை நீட்டிக் காட்டினாள். "படம் திரும்பிக்கினு கீது சார். அப்போ இது லெஃப்ட் காது. அந்தம்மா வேற, இந்தம்மா வேற."

"ரஷ்யாவில வேற மாதிரி இருக்கலாம்ல அக்கா?" என்றேன்.

"இன்னா சுகுணா பேசற. ரஷ்யாவுல மட்டும் மோதிரத்தைக் கால்லயா போடுவாங்க? ஏசு எல்லா ஊருக்கும் ஒருத்தர்தானே."

அதற்கு மேல் யார் வாதாடுவது. சாருக்கும் அது நியாயமாகவே பட்டது. மேடைப் படங்களில் யாரும் மோதிரம் போட்டிருக்க மாட்டார்கள் என்பதால் இந்தச் சட்டத்தைச் சோதித்துப் பார்க்கிற சந்தர்ப்பமே எங்களுக்கு அதுவரை வந்ததில்லை. இரண்டு நாள் அவசரமில்லாமல் பார்த்துவிட்டு, இல்லை என்று சொல்வதாக முடிவு செய்தார். ஆனால் ஒரு பெரியவரிடம் இதை ஒரு வரியில் எழுதியனுப்ப அவருக்கு மனசில்லை. நேரில் பார்த்துச் சொல்லலாம் என்று வீடியோவில் பேச ஏற்பாடு செய்தார். எனக்கு அன்றைக்குச் சோறே இறங்கவில்லை. அந்தக் காதை விட்டுக்கொடுக்க முடியவில்லை.

மத்தியானம் மூன்று மணி வாக்கில், அவருக்குக் காலை நேரம், திரையில் வந்தார். எங்களுக்காகக் கோட்டும் டையும் போட்டிருந்தார். முடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். பெண் பார்க்க வந்தவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். சார் வணக்கம் சொல்லி, தாம்பரத்தில் வெயில் எப்படி என்று இரண்டு நிமிடம் சுற்றி வளைத்துவிட்டு, "சார், உங்கள் அம்மாவின் படம் விஷயமாக" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். பெரியவர் பதற்றத்தில் தேநீர்க் கோப்பையை எடுத்தார்.

எடுத்த கையில் மோதிரம் இருந்தது. வலது கை.

ஸ்டெல்லா அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். அவளும் பார்த்துவிட்டாள். "வீடியோ திருப்பிக் காட்டும்டி. என் போன்ல செல்ஃபி எடுத்தா அப்படித்தான் கீது" என்று முணுமுணுத்தாள். பெரியவருக்குப் பின்னால் சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தேதிகள் எல்லாம் நேராக இருந்தன. காலண்டரைக் காட்டினேன். அக்கா காலண்டரையும் தன் இடது கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

சார் பேசும்போது குறுக்கே பேசியவர்கள் எங்கள் மாடியில் கிடையாது. "சார், ஒரு நிமிஷம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, இருந்தும் சார் நிறுத்தினார். திரும்பிப் பார்த்து, "கேளுங்கம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

என் ஆங்கிலம் பம்மல் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். "சார், யுவர் ரிங். மேரேஜ் ரிங்?" என்றேன்.

அவருக்குப் புரிந்தது. ஆமாம், மனைவி போய்ப் பல வருஷமாகிறது, கழற்ற மனம் வரவில்லை என்றார். வலது கையில் ஏன் என்று கேட்டேன். அவர் விழித்தார். வேறு எந்தக் கையில் போடுவது, எங்கள் சபையில் வலது கையில்தானே போடுவோம் என்றார். அப்புறம் அவராகவே, அம்மாவின் மோதிரம் ஓடிவந்த வழியில் ரொட்டிக்குப் போய்விட்டது, ஆனால் கடைசிவரை இந்த வெறும் விரலைத் தடவிக்கொண்டே இருப்பாள் என்று சொல்லி, தன் வலது கை மோதிர விரலைத் தடவிக் காட்டினார்.

ஸ்டெல்லா அக்கா நெற்றியிலிருந்து சிலுவை போட்டுக்கொண்டாள். "ஆண்டவரே, நான் இன்னாத்தச் சொல்லி வெச்சிருந்தேன்" என்றாள்.

இன்னொருவராக இருந்தால் அந்த நிமிடமே துள்ளிக் குதித்துச் சொல்லியிருப்பார். சார் பெரியவரிடம், கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். புதிதாக ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். ஜன்னல் வெட்டினார். பெரியவர் அங்கே பார்த்துக்கொண்டே இருக்க, இங்கே இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்து முதலிலிருந்து ஆரம்பித்தோம். வலது காது, வலது காது. அறுந்த பிளவு சாய்ந்த பக்கம். காதின் மேல்மடிப்பில் ஒரு சின்னக் கூர்மை, அது இரண்டிலும் இருந்தது. ஒவ்வொன்றையும் நான் சொல்ல, சார் "ம்" கொட்டினார். கடைசியில் பத்திரிகையைத் தன் கையால் பிய்த்தார்.

"இப்ப முகத்தைப் பாருங்கம்மா" என்றார்.

பார்த்தோம். பிறகு நிக்கோலாயைப் பார்த்தோம். அவர் ஏதோ சத்தம் கேட்டுக் கதவுப் பக்கம் தலையைத் திருப்பியிருந்தார். திரை நிறைய அவருடைய காது தெரிந்தது. மேல்மடிப்பில் அதே கூர்மை.

"சார், அவருக்கும் கீது சார்" என்று ஸ்டெல்லா அக்கா கத்தியதில் கீழே கடைக்காரர் மேலே ஓடிவந்துவிட்டார்.

சார் எழுந்து நின்றுதான் சொன்னார். "சார், உங்கள் அம்மா தபால் அட்டையில் இருந்தவர். அவர் சொன்னது உண்மை." அட்டையைத் திரையில் காட்டினோம். பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், நிறுத்தவே முடியவில்லை அவரால். கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தார். நாங்களும் அழுதுகொண்டு சிரித்தோம். கட்டில் கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை, அவரும் சிரித்தார்.

போவதற்கு முன் பெரியவர் ஒன்று கேட்டார். இத்தனை நாள் பெயர் தெரியாமல் அவளை என்னவென்று கூப்பிட்டீர்கள்? நான் சொன்னேன். ஊ-ரப்-பாக்-கம் என்று நாலைந்து தடவை சொல்லிப் பழகினார். எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டார். அது என்ன பொருள் என்றார். நல்ல ஊர், ரயில் நிற்கும் என்றேன்.

அதற்கப்புறம் ஒதுக்கி வைத்திருந்த அட்டைகளையெல்லாம் தோண்டியெடுத்து, நேரானதா திரும்பியதா என்று மறுபடி பார்த்ததில் சிலருக்கு ஸ்டேஷன் மாறியது. கூட்டமாக ஆடும் படம் ஒன்றில், பின்வரிசையில், ஊரப்பாக்கமும் கிடைத்தாள். ஸ்டெல்லா அக்கா அதன் பிறகு தீர்ப்புச் சொல்லும்போதெல்லாம், "எங்க சபையில" என்று சேர்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

சில மாதம் கழித்து ஆபீஸுக்கு ஒரு தபால் அட்டை வந்தது. அம்மாவின் படத்தைப் பெரியவர் புதிதாக அச்சடித்திருந்தார். முகவரிக்கு மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக, ஊரப்பாக்கம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். எங்களுக்குப் புரியட்டும் என்று ஆசையாக எழுதியது. அவ்வளவு பெரிதாக எழுதியிருந்தால் தபால்காரர் என்ன செய்வார்? அட்டை நேராக ஊரப்பாக்கம் போய், அங்கே முத்திரை வாங்கி, அப்புறம்தான் சானடோரியம் வந்திருந்தது. செய்தி ஒரே வரி. "என் அம்மா தபாலில் வருகிறாள், பத்திரமாக வாங்கிக்கொள்ளுங்கள்."

சார் வழக்கம்போல முகத்தைப் பார்க்கவில்லை. அட்டையைத் திருப்பி, பூதக்கண்ணாடியை வைத்து முத்திரையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "அவங்க ஸ்டேஷன்ல எறங்கிட்டுத்தான் வந்திருக்காங்கம்மா" என்றார்.

நிவேதா, உன் மேஜைக்கு எதிர்ச்சுவரில் ஆணியில் தொங்குகிறதே, இரண்டு பக்கமும் கண்ணாடி போட்ட சின்னப் படம், அது அவள்தான். புது மெஷின் அவள் பெயரைச் சரியாகவே சொல்லும், எனக்கு அதில் சந்தோஷம்தான். சொன்ன பிறகு எழுந்து போய், அந்தப் படத்தை ஒரு தடவை திருப்பிப் பார்.